கொக்குக்குப் பதினொரு ஓட்டு

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டரைச் செய்கிற கம்பெனி ஆண்டுக்கு ஒரு தடவை தன் ரசிகர்களிடம் இரண்டு கேள்வி கேட்கும். அடுத்து எந்தப் பயணிகள் விமானத்தைப் புதிதாகச் சேர்க்கலாம்? இருப்பவற்றில் எதைத் திருத்திப் புதுப்பிக்கலாம்? கேள்வி இரண்டே வரி. பதில்கள் நாற்பது பக்கம் ஓடும்.

ஏர்பஸ் ஏ-380 வந்தே தீர வேண்டும் என்று ஒரு கூட்டம். போயிங் 757 இல்லாத சிமுலேட்டர் உப்பில்லாப் பண்டம் என்று இன்னொரு கூட்டம். வாலில் ஒரு எஞ்சினைச் சுமந்த பழைய விமானம் ஒன்றுக்காக ஒருவர் ஆறு ஆண்டுகளாகத் தவம் கிடந்தார். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பங்காளிச் சண்டை போலத்தான் நடக்கும்.

அந்தக் கூட்டத்தில் அறுபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அவருக்குப் புது விமானம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற, யாரும் சீண்டாத, ஐம்பது இருக்கை கொண்ட விசிறி விமானம் ஒன்றின் மூக்குக்குக் கீழே சக்கரம் தாங்கி நிற்கும் முன்காலைத் திருத்தித் தந்தால் போதும்.

அவர் சொல்லச் சொல்ல மகன் இங்கிலீஷில் தட்டுவான். சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ்.

"எழுதுடா. கொக்கைத் திருத்துங்க. முன்கால் தப்பு. கதவு தப்பு. கோடு தப்போ தப்பு."

"அம்மா, கொக்குன்னா அவங்களுக்கு என்ன தெரியும்?"

"விமானக் கம்பெனி வச்ச பேரையே போடு. கீழ வேலை செய்யிற நாங்க கொக்குன்னு கூப்பிடுவோம்னு ஒரு வரி சேத்துக்கோ. தெரிஞ்சிக்கட்டும்."

"ஏன் திருத்தணும்னு கேப்பாங்க."

"அதுல சக்கரம் எண்பது டிகிரி திரும்புது. நெஜத்துல அப்படித் திருப்பினா கால் ஒடிஞ்சிடும். இதுக்கு மேல என்ன காரணம் வேணுமாம்? மரியாதையா எழுது. ஆனா கெஞ்சாதே."

விமானம் தானாகப் பின்னால் போகாது. வாயிலில் மூக்கை நுழைத்து நிற்பதை யாராவது பின்னால் தள்ளிவிட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு அவர் அந்த வேலையைத்தான் செய்தார். டிராக்டரில் உட்கார்ந்து, டோபார் என்கிற நீண்ட இரும்புத் தண்டை விமானத்தின் முன்காலில் மாட்டி, நாற்பது டன்னோ நானூறு டன்னோ, அலுங்காமல் குலுங்காமல் பின்னால் தள்ளுவார். விமானத்துக்குள் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், மதிய இடைவேளைகளில் பார்த்துப் பார்த்தே டிராக்டர் பழகினார். அங்கே டிராக்டர் ஏறிய முதல் பெண் அவர்தான். ரிவர்ஸ் அக்கா என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயர் இரண்டு வருடத்தில் மரியாதையாகிவிட்டது.

தையல் மெஷின் பழுது பார்த்து வந்த கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் அம்மாவும் மகனும்தான். மகன் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்த்தான். தராசு, அழுத்தமானி, அளவுகோல் ஆகியவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தருகிற இடம். முள்ளுக்கு நேர் எதிரே கண்ணை வைத்துத்தான் அளவைப் படிக்க வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம்.

ஓய்வு பெற்ற அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவன்தான் சிமுலேட்டரை வாங்கிப் போட்டான். அவர் ஒரு நாளும் அதில் பறக்கவில்லை. விமானத்தைப் பின்னால் தள்ளி, நேராக்கி, டோபாரைக் கழற்றியதும் அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார்.

"ஒரு தடவையாவது மேல ஏத்திப் பாரேம்மா."

"தள்ளி விடறதோட நம்ம வேலை முடிஞ்சுது. மேல போறது அவங்க பாடு."

மூன்றாவது வாரம் கொக்கை எடுத்தார். தள்ளத் தொடங்கி அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டார். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலைதான் அந்த முதல் கடிதம்.

கொக்குக்கு அந்தப் பெயர் வந்தது முன்காலால். உடம்புக்குப் பொருந்தாத நெட்டைக் கால். அந்தக் கால் மடங்கி உள்ளே போகிற பெட்டிக்குக் கதவு உண்டு. கதவில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடு. தள்ளும்போது டோபார் அந்தக் கோட்டுக்கு நேரே வந்தால் அறுபது டிகிரி. அதுதான் எல்லை. தாண்டினால் காலுக்குள் இருக்கும் கத்தரிக்கோல் போன்ற இணைப்பு விரிசல் விடும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் விரிசல் விட்டது. டிராக்டரில் இருந்தது ரிவர்ஸ் அக்கா. நாற்பத்தெட்டுப் பயணிகளையும் இறக்கினார்கள். விசாரணை வைத்தார்கள். முன்காலுக்குப் பக்கத்தில், விமானியோடு பேசுகிற கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தவரைக் கேட்டார்கள். ஹெட்செட் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். டோபார் கோட்டை நாலு விரற்கடை தாண்டியது, நான் கையைக் காட்டுவதற்குள் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னார். அக்காவைக் கேட்டார்கள். டோபார் கோட்டுக்குள்ளேதான் இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார்.

இரண்டு பேரில் ஒருத்தர் பொய் சொல்லியிருக்க வேண்டும். கோடு தாண்டாமல் கால் விரியாது. ஆகவே பொய் யாருடையது என்று முடிவு செய்ய அதிகாரிகளுக்கு நேரம் பிடிக்கவில்லை. டிராக்டர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு பயணிகளின் பெட்டி ஏற்றும் ஓடுபட்டை வேலைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் எந்தப் பெண்ணையும் டிராக்டரில் ஏற்றவில்லை. யாராவது கேட்டால், ஏற்கெனவே ஒரு அம்மா ஏறி நடந்தது போதாதா என்பார்கள். இதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. உரிமம் போனதைப் பற்றி வீட்டில் நாலு தடவை பேசியிருப்பார். இதைப் பற்றி நானூறு தடவை.

ஹெட்செட்டோடு பேச்சு அன்றோடு நின்றது.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சம்பவத்துக்கு முந்தின மாதம் அந்தக் கொக்குக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கோட்டை இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது அவர் கட்சி. அந்த விமானத்தை எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். போய்ப் பார்க்க வழியில்லை. ஆனால் சிமுலேட்டரில் ஒரு வசதி இருந்தது. பார்வையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். டிராக்டர் சீட்டின் உயரத்தில், சீட்டின் இடத்தில் வைக்கலாம். காலும் கதவும் கோடும் அச்சு அசலாக இருந்தால், அன்றைக்குக் கண்ட காட்சியை மறுபடி கண்டு, கோடு எங்கே இருந்தால் அப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இருந்த மாடலில் கதவே வேறு. கோடு யாரோ குத்துமதிப்பாக இழுத்தது.

அதனால்தான் அந்த ஓட்டு.

முடிவு வந்தபோது கொக்கு திருத்தப் பட்டியலில் முப்பத்தேழாம் இடம். பதினொரு ஓட்டு.

"பதினொண்ணா?" அவருக்கு ஆச்சரியம். "நான் ஒண்ணு, நீ ஒண்ணு, உன் சித்தி ஒண்ணு. மீதி எட்டு பேர் யாருடா?"

"சித்தி எதுக்குப் போட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாதும்மா."

"அவளை விடு. அந்த எட்டு பேரு யாரு? அதுல ஒருத்தராவது தள்ளினவங்களா இருப்பாங்களா?"

எட்டுப் பேர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. ஒன்பதாவதாக ஒருவர் வந்தார். அந்தக் கம்பெனியில் சக்கரங்களும் கால்களும் மட்டும் வரைகிற ஆள். அவர் கேள்வி ஒற்றை வரி: கோடு கதவின் கீலிலிருந்து ஒரு சாண் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் சாண் எத்தனை சென்டிமீட்டர்?

மகன் ஆய்வகத்திலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து வந்தான். அம்மா மேஜை மேல் கையை விரித்தார்.

"ரொம்ப விரிக்காதேம்மா. சாதாரணமா வை."

"வேலையில கையை இப்படித்தான் வைப்பேன். நீ அளக்கிறவன், அளந்துட்டுப் போ."

பத்தொன்பது புள்ளி ஆறு.

அப்படித் தொடங்கியது ஏழு மாதம் ஓடியது. விமானநிலையத்தில் படம் எடுக்க அனுமதி கிடையாது என்பதால் அவரிடம் ஒரு போட்டோவும் இல்லை. உடம்பில்தான் எல்லா அளவும் இருந்தது. டோபார் மாட்டும் குமிழ் முழங்காலுக்குக் கீழே மூன்று விரல். கதவின் அடி விளிம்பு தோளுக்கு நேர். குனியாமல் போனால் தலையில் இடிக்கும், இரண்டு தடவை இடித்திருக்கிறது. மகன் முழங்காலையும் தோளையும் அளந்து படம் வரைந்து அனுப்புவான். சக்கரக்காரர் பதிலுக்கு மாடலை அனுப்புவார். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குற்றம் கண்டுபிடிப்பார். வேலைக்குப் போன காலத்தில்கூட மகன் அவரை அவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்ததில்லை.

பிறகு சக்கரக்காரர் ஒரு விமான அருங்காட்சியகத்திலிருந்து பழைய பராமரிப்புப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தார். கீலிலிருந்து கோடு வரை அதில் இருபது சென்டிமீட்டர். அம்மாவின் சாணுக்கும் புத்தகத்துக்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

மகன் இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினான். "அம்மா, நீ ஞாபகத்துல வச்சிருக்கிற கோடும் புக்குல இருக்கிற கோடும் ஒரே இடத்துல இருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"நீ ஞாபகம் வச்சிருக்கிறது பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "புதுக் கொக்கு வரட்டும். உக்காந்து பாத்தாத் தெரிஞ்சிடும்."

"பாத்துட்டு, தப்பு உன் மேலதான்னு வந்தா?"

"வந்தா வரட்டுமே. தெரியாம இருக்கிறதுதான்டா கஷ்டம்."

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நாலாம் நாள் இல்லை.

காரியங்கள் முடிந்தன. மகன் வேலைக்குப் போனான், வந்தான். சாப்பாட்டு மேஜையில் சாப்பிடுவதை விட்டுவிட்டான். சக்கரக்காரருக்கு இரண்டு வரி எழுதினான். அவரும் இரண்டு வரி எழுதினார்.

ஆறாவது வாரம் கம்பெனியின் புதுப்பிப்பு வந்தது. எல்லாரும் அடித்துக்கொண்ட விமானங்களெல்லாம் பட்டியலின் மேலே. அடியில், பதினான்காவது வரியில், கொக்கின் முன்கால், கதவு, எல்லைக் கோடு ஆகியவை திருத்தப்பட்டன என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தான். அம்மா ஓட்டிய டிராக்டரின் அளவுகளை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைத்திருந்தான். சீட்டு இடது பக்கம். கண் உயரம் தரையிலிருந்து நூற்றெழுபது சென்டிமீட்டர். பார்வையை அங்கே வைத்துச் சக்கரத்தை ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பினான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதில் டோபார் கோட்டைச் சரியாகத் தொட்டது. அறுபத்தைந்து வைத்தான். கோட்டைத் தாண்டி நின்றது. அந்தச் சீட்டில் இருந்தவர் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

மூன்று தடவை செய்தான். மூன்றும் ஒன்று போலவே வந்தன. கோடு இடம் மாறியிருந்தாலொழிய அம்மா சொன்னது நிற்காது. கோடு இடம் மாறியது என்பதற்கு அம்மாவின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அளவு எடுப்பவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரு பக்கம் அளந்து ஒட்டவில்லை என்றால் இன்னொரு பக்கமிருந்து அளப்பான். மகன் ஹெட்செட்டின் முகவரியை விசாரித்துக்கொண்டு போனான்.

மூன்றாம் மாடி. லிப்டு இல்லை. கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்ததும் யாரென்று கண்டுகொண்டார்.

"வா தம்பி. கேள்விப்பட்டேன். வரத் தோணிச்சு. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன்."

"அதுக்காக வரல மாமா. அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்கன்னு கேக்க வந்தேன். எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கம்?"

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ன, மறுபடி விசாரணையா?"

"இல்ல. கம்ப்யூட்டர்ல கொக்கு இருக்கு. முன்கால் சரியா இருக்கு. அம்மா சீட்டுல இருந்து பாத்துட்டேன். உங்க இடத்துல இருந்தும் பாக்கணும்."

அவருக்கு ஆவல் வந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. நாற்காலியைக் கொக்கின் கால் என்று வைத்து, துடைப்பத்தை டோபார் ஆக்கி, நின்ற இடத்தைக் காட்டினார். விமானத்துக்கு வலது பக்கம், மூன்றடி. பிறகு துடைப்பத்தின் மறுமுனைக்குப் போய், டிராக்டர் சீட்டு இருந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டார்.

"மாமா, சீட்டு இடது பக்கம்."

"அவங்க வண்டியில இடது பக்கம்தான். அன்னைக்கு அவங்க வண்டி ஒர்க்‌ஷாப்புல. மஞ்சள் வண்டியைக் கொடுத்தாங்க. அதுல சீட்டு வலது பக்கம்."

மகன் துடைப்பத்தைப் பார்த்தான். முக்காலியைப் பார்த்தான்.

"இதை விசாரணையில யாரும் சொல்லலையா?"

"யாரும் கேக்கல."

"அம்மா சொல்லியிருக்கலாமே. பத்தொன்பது வருஷத்துல என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல."

"உங்கம்மா சொல்லுவாங்களா? டிராக்டர் ஓட்டறவங்க எவனும் சொல்ல மாட்டான், தம்பி. வண்டி மேல பழி போட்டா அவன் ஓட்டத் தெரியாதவன்னு அர்த்தம். எதைக் கொடுத்தாலும் ஓட்டணும். ஆம்பளையே வாயைத் திறக்க மாட்டான். அக்கா திறந்திருந்தா, பாத்தியா, சீட்டு மாறினதுக்கே அழறாங்கன்னு சொல்லியிருப்பானுங்க."

பஸ்ஸில் ஓட்டுநருக்கு அறுபது காட்டுகிற முள், அவருக்கு இடப்பக்கம் தள்ளி நிற்பவருக்கு அறுபத்தைந்து காட்டும். முள்ளுக்கும் எண் பலகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி செய்கிற வேலை அது. மகன் சம்பளம் வாங்குவதே இந்த ஒரு விஷயத்துக்காக. ஏழு மாதம் அம்மாவின் சாணை அளந்தான், முழங்காலை அளந்தான், தோளை அளந்தான். அன்றைக்கு எந்தச் சீட்டில் உட்கார்ந்தாய் என்று கேட்கவில்லை.

ஹெட்செட் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

மகன் அவரை அம்மாவின் நாற்காலியில் உட்கார வைத்தான். பார்வையை எண்பது சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினான். சக்கரத்தை அறுபத்தைந்தில் வைத்தான்.

டோபார் கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஒரு விரல் இடம் மிச்சம் வைத்து, அப்பாவி போல நின்றது.

"நகத்தாதே. அப்படியே வை." அவர் திரைக்குக் கிட்டே போனார். "இப்ப எத்தனைல நிக்குது?"

"அறுபத்தஞ்சு."

"என்னோட இடத்துக்குப் போ."

போனான். அதே சக்கரம், அதே கோணம். டோபார் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை தள்ளி இருந்தது.

"அக்கா இடம்."

உள்ளே.

"என் இடம்."

வெளியே.

அவர் கடைவாயைத் துடைத்துக்கொண்டார்.   அந்தக் கோட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை. பெயிண்ட் அடித்தவன் பாவம் ஒழுங்காகத்தான் அடித்திருந்தான். கோட்டைத் தாண்டியது அம்மாதான். பார்த்ததைச் சொன்னதும் அம்மாதான். தெரிந்தால் போதும் என்றவர் தெரிந்துகொள்ள இல்லை.

"மஞ்சள் வண்டியை அப்புறம் யார் மாமா ஓட்டினாங்க?"

"ரெண்டு மூணு பேர் ஓட்டினாங்க." அவர் யோசித்தார். "அதுல கொக்கைத் தள்ளினா அது நெறைய திரும்பிக் கொடுக்கும்னு ஒருத்தன் பெருமையா சொல்லுவான். அடப்பாவி. அவனும் தாண்டியிருக்கான். கால் தாங்கிடுச்சு, அவ்வளவுதான்." பிறகு மெல்ல, "அறுபதுலயே நிறுத்தணும்னா அந்தச் சீட்டுல இருந்து டோபார் எங்க தெரியணும்? அளந்து சொல்லு" என்றார்.

அளந்து சொன்னான். டோபார் கோட்டுக்கு வரும் முன்பே, மூன்று விரல் முன்னால் நிறுத்த வேண்டும்.

"மூணு விரல்" என்று தன் விரல்களை வைத்துப் பார்த்தார். "இதை யாராவது ஒரு தாள்ல எழுதி அந்த வண்டியில ஒட்டியிருந்தாப் போதும்."

இந்த ஆண்டுக் கேள்வி அதே வாரம் வந்திருந்தது. அடுத்து எதைச் சேர்க்கலாம், எதைத் திருத்தலாம். பன்னிரண்டு பக்கம் ஏற்கெனவே ஓடிவிட்டது. ஏ-380 காரர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். மகன் பதில் பெட்டியைத் திறந்தான்.

"என்ன எழுதப் போறே?" என்றார் ஹெட்செட்.

"விமானம் ஒண்ணும் வேணாம். வலது பக்கம் சீட்டு வச்ச டிராக்டர் ஒண்ணு சேருங்கன்னு கேக்கப் போறேன். நடந்ததையும் எழுதப் போறேன். விமானநிலையத்துக்கும் ஒரு நகல் அனுப்பணும்."

அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தேதி போடு. நேரம் போடு. எந்த வண்டின்னு முதல்ல எழுது, மத்தது அப்புறம். கீழ என் பேரையும் சேத்துக்கோ. நான் அங்க இருந்தவன்."

மகன் தட்டத் தொடங்கினான்.